கோடிங் ஸ்டைல்: எதில் பிடிவாதம் வேண்டும், எதை விட்டுவிடலாம்

வேலைக்குப் புதிதாக வந்த புரோகிராமர் அனுப்பும் முதல் புல் ரிக்வெஸ்டுக்கு (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோளுக்கு) வரும் கருத்துகள் பல நேரம் லாஜிக்கைத் தொடுவதே இல்லை. ‘இங்கே ஒரு ஸ்பேஸ் கூடுதல்’, ‘பிரேஸை மேல் வரியிலேயே போடுங்கள்’, ‘ஒற்றை மேற்கோள்தான் நம் வழக்கம்’ என்று வரிசையாக வரும். சிலர் இதில் சோர்ந்துபோகிறார்கள். சிலர் கொஞ்ச நாளில் தாங்களும் அடுத்தவர் கோடை அதே மாதிரி நோண்டத் தொடங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஸ்டைல் பற்றி யார் எந்தக் குறை சொன்னாலும் ஒரு கேள்வியை முன்னால் வையுங்கள்: இது இப்படியே இருந்தால் என்ன கெடும்? அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் பிடிவாதமும் விட்டுக்கொடுப்பதும்.

படி 1: எழுதுவதற்கு முன் அந்த ரெப்போவின் வழக்கத்தைப் பாருங்கள்

ரெப்போவை (திட்டத்தின் கோட் களஞ்சியத்தை) குளோன் செய்ததும், அதாவது உங்கள் கணினிக்கு நகலெடுத்ததும், மேல்மட்ட ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைல்களைத் தேடுங்கள். கோடின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் எடிட்டர்கான்ஃபிக், பிரிட்டியர், கிளாங்-ஃபார்மேட் இவற்றின் ஃபைல்கள் புள்ளியில் தொடங்கும் பெயரில் இருக்கும். சாதாரணப் பட்டியலில் தெரியாது, மறைந்த ஃபைல்களையும் காட்டச் சொல்ல வேண்டும். பைத்தான் என்றால் பைபுராஜெக்ட் டாம்ல் ஃபைலுக்குள் பாருங்கள். பங்களிப்போருக்கான கான்ட்ரிபியூட்டிங் ஃபைல் இருந்தால் அதையும் படித்துவிடுங்கள்.

ஃபார்மேட்டர் (கோடின் வடிவத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி) இருந்தால் வேலை எளிது. ரெப்போ குறிப்பிடும் அதே வெர்ஷனை நிறுவுங்கள். வெர்ஷன் மாறினால் அதே ஃபார்மேட்டர் வரிகளை வேறு இடத்தில் உடைக்கும். நீங்கள் தொடாத வரிகளும் மாறியதாக டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) நிற்கும்.

எதுவும் இல்லையென்றால், நீங்கள் திருத்தப்போகும் ஃபைலையே பாருங்கள். டேப்பா ஸ்பேஸா, இன்டென்ட் (வரியின் தொடக்கத்தில் விடும் இடம்) எத்தனை, வரி எவ்வளவு நீளம் போகிறது, பெயர்களில் அண்டர்ஸ்கோரா நடுவில் பெரிய எழுத்தா, எந்த மேற்கோள் குறி. டேப்பும் ஸ்பேஸும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால் எடிட்டரில் வெற்றிடக் குறிகளைக் காட்டும் அமைப்பை இயக்கிக்கொள்ளுங்கள். அந்த ஃபைல் எப்படி இருக்கிறதோ அப்படியே நீங்களும் எழுதுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

இதில் ‘சரியான’ எண் என்று ஒன்று கிடையாது. பைத்தானின் ஸ்டைல் கைடான பெப் 8 (2001) நான்கு ஸ்பேஸ், 79 எழுத்து என்கிறது. குழு ஒத்துக்கொண்டால் 99 வரை போகலாம் என்று அதுவே இடமும் தருகிறது. அதே பைத்தானுக்கான பிளாக் ஃபார்மேட்டர் 88 எழுத்தில் உடைக்கிறது. லினக்ஸ் கர்னலில் இன்டென்ட் என்றால் எட்டு எழுத்து அகல டேப். கோ மொழியின் கோஃபம்ட் டேப் போடும், வரி நீளத்துக்கு வரம்பே வைக்காது. ரஸ்ட் ஃபார்மேட்டரின் இயல்பு 100, பிரிட்டியரின் இயல்பு 80. இத்தனை பெரிய திட்டங்கள் இத்தனை விதமாக எழுதியும் நன்றாகவே ஓடுகின்றன. ‘இதுதான் முறை, மற்றதெல்லாம் தப்பு’ என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் சிக்கும் இடம் ஒன்று உண்டு. எடிட்டரில் ‘சேமிக்கும்போதே ஃபார்மேட் செய்’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். ரெப்போவிலோ ஃபார்மேட்டர் இருக்காது. ஒரு வரி பிழையைத் திருத்திச் சேமித்தால் ஃபைல் முழுவதும் மாறிவிடும். ரிவியூ செய்பவர் நானூறு வரிக்குள் உங்கள் ஒரு வரியைத் தேட வேண்டும். அந்த அமைப்பை அந்த ரெப்போவுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். விஎஸ் கோடில் மாற்றிய வரிகளை மட்டும் ஃபார்மேட் செய்யும் தேர்வும் இருக்கிறது. அனுப்புவதற்கு முன், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டின் டிஃப்பை ஒரு முறை சாதாரணமாகவும், வெற்றிட மாற்றங்களை ஒதுக்கும் ‘டபிள்யூ’ ஆப்ஷனோடு ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டாவது டிஃப் மிகவும் சிறியதாக வந்தால் தேவையில்லாத மாற்றம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். கிட் ஆட் கட்டளையின் ‘பி’ ஆப்ஷன் துண்டு துண்டாகக் கேட்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: குறையை மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்

முதல் வகை, இயந்திரமே தீர்க்கக்கூடியது: ஸ்பேஸ், கமா, இம்போர்ட் வரிசை, வரி உடைப்பு, மேற்கோள் குறி. இதை மனிதர்கள் ரிவியூவில் எழுதுவது நேர விரயம். படி 6-க்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாம் வகை, பார்வைக்கு ஸ்டைல் போலத் தெரியும், ஆனால் கோடின் நடத்தையைத் தொடுவது. இதில்தான் பிடிவாதம் வேண்டும். ‘நான் எதிலும் தாராளமானவன்’ என்று சொல்லி இதையும் விட்டுவிடுகிறவர்கள் குழுவுக்குத் தீங்குதான் செய்கிறார்கள்.

இதற்குப் பேர்போன உதாரணம், 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டுத் திருத்திய பாதுகாப்பு ஓட்டை. சர்வர் அனுப்பும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன் அது. வரிசையாகப் பல ‘இஃப்’ சோதனைகள். ஒவ்வொன்றின் கீழும், பிழை வந்தால் முடிவுப் பகுதிக்குத் தாவச் சொல்லும் ‘கோடூ ஃபெயில்’ என்ற ஒற்றை வரி. இந்தச் சோதனைகளில் எதற்கும் பிரேஸ் (கட்டளைகளைச் சூழும் நெளிவு அடைப்புக்குறி) இல்லை. ஓர் இடத்தில் அந்த ‘கோடூ’ வரி இரண்டு முறை அடுத்தடுத்து வந்துவிட்டது. இரண்டும் ஒரே இன்டென்ட். கண்ணுக்கு இரண்டும் ‘இஃப்’புக்குள் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சி மொழிக்கு இன்டென்ட் ஒரு பொருட்டே அல்ல. பிரேஸ் இல்லாத ‘இஃப்’ அடுத்த ஒரு கட்டளையை மட்டுமே ஆளும். இரண்டாவது ‘கோடூ’ எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் தாவியது. தாவும் நேரத்தில் பிழை எண் பூஜ்ஜியமாக, அதாவது வெற்றி என்ற நிலையில் இருந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்காமலே ‘சரி’ என்று ஃபங்ஷன் திரும்பியது. நெட்வொர்க்கின் நடுவே உட்கார்ந்திருக்கும் யாரும் பாதுகாப்பான சர்வர்போல நடிக்க வழி திறந்துவிட்டது.

ஒரு வரி ‘இஃப்’புக்கும் பிரேஸ் போடு என்ற விதி இருந்து, இரண்டு வரிகளும் பிரேஸுக்குள் விழுந்திருந்தால், இரண்டாவது வரி எந்தக் கெடுதலும் செய்யாமல் கிடந்திருக்கும். 2016-இல் வந்த சி கம்பைலர் ஜிசிசி 6, இன்டென்ட் ஒன்றும் அர்த்தம் வேறுமாக இருக்கும் இடத்தைக் காட்டும் எச்சரிக்கையைச் சேர்த்தது; ‘வால்’ ஆப்ஷன் கொடுத்தால் அது தானாகவே இயங்கும். ஆகவே பிரேஸ் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது நியாயம். அதே சி மொழியில் பிரேஸ் மேல் வரியிலா கீழ் வரியிலா என்று வற்புறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

மொழி மாறினால் அந்த நியாயமும் மாறும் என்பதையும் கவனியுங்கள். கோ மொழியில் ஃபங்ஷனின் திறக்கும் பிரேஸை அடுத்த வரிக்குத் தள்ளினால் கம்பைல் ஆகாது. ஜாவாஸ்கிரிப்டில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதி, திருப்பித் தர வேண்டிய ஆப்ஜெக்டின் பிரேஸை அடுத்த வரியில் திறந்தால், மொழி ‘ரிட்டர்ன்’னுக்குப் பின்னே தானே ஒரு அரைப்புள்ளியைப் போட்டுக்கொள்ளும், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ‘அன்டிஃபைன்ட்’ திரும்பவும் கூடும்.

இதே வகையில் இன்னும் சில. ஷெல் ஸ்கிரிப்டில் வேரியபிளைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடுவது அழகுக்காக அல்ல: ஃபைல் பெயரில் ஒரு ஸ்பேஸ் இருந்தால், மேற்கோள் இல்லாத நீக்கும் கட்டளை அதை இரண்டு பெயராகப் பிரித்து, நீங்கள் நினைக்காத ஃபைலை அழித்துவிடும். கான்ஃபிக் ஃபைல்களில் அதிகம் வரும் யாம்ல் வடிவத்தின் 1.1 விதிப்படி, மேற்கோள் இல்லாத ‘நோ’ என்ற சொல் ‘ஃபால்ஸ்’ ஆகிவிடும். நார்வேயின் நாட்டுக் குறியீடும் அந்த இரண்டெழுத்துதான். விண்டோஸ் வரி முடிவுகளோடு சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் முதல் வரியிலேயே, இன்டர்பிரட்டர் கிடைக்கவில்லை என்று விழும். பைத்தான் 3, குழப்பம் தரும் விதத்தில் டேப்பையும் ஸ்பேஸையும் கலந்தால் ஓடவே மறுக்கும். மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும்; யாம்ல் இன்டென்டுக்கு டேப்பை ஏற்காது.

மூன்றாம் வகை, ருசி. ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே திரும்பிவிடுவதா, ‘எல்ஸ்’ போட்டு உள்ளே போவதா. சாதாரண லூப்பா, ஒற்றை வரியில் லிஸ்டா. கமென்ட் எந்த வார்த்தையில் இருக்க வேண்டும். விட்டுவிடுங்கள். உங்கள் கோடில் உங்கள் விருப்பம், அவர் கோடில் அவர் விருப்பம்.

பெயர் வைப்பதுதான் இந்தப் பிரிவினைக்கு எளிதில் அடங்காது. ‘எல்லாப் பயனரும்’ என்று பெயர் வைத்த பட்டியலில் செயலில் உள்ள பயனர்கள் மட்டும் இருந்தால் அந்தப் பெயர் பொய் சொல்கிறது; நாளை ஒருவர் அதை நம்பித் தப்பாக எழுதுவார். மாற்றச் சொல்லுங்கள். நேரத்தைக் குறிக்கும் எண் வினாடியா மில்லிவினாடியா என்று பெயர் சொல்லாவிட்டாலும் அப்படியே. ‘முடிவு’ என்பதற்குப் பதில் ‘விளைவு’ என்று வைத்திருக்கலாமே என்பது ருசி. அதை எழுதவே வேண்டாம்.

படி 3: ரிவியூ எழுதும்போது

முதலில் நடத்தை, பிறகு டெஸ்ட், கடைசியில் ஸ்டைல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பதினைந்து ஸ்பேஸ் திருத்தங்களைக் கேட்டு வாங்கிவிட்டு, ‘இந்த அணுகுமுறையே வேண்டாம்’ என்று இரண்டாம் சுற்றில் சொல்வது எழுதியவருக்குச் செய்யும் அநியாயம்.

கட்டாயம் அல்லாத கருத்தின் முன்னால் ‘நிட்:’ என்று போடுங்கள். மெர்ஜைத் (மெயின் கோடோடு இணைப்பதை) தடுக்காது, செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று எழுதியவருக்குப் புரியும். இந்தக் குறி இல்லாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் உத்தரவாக எடுத்துக்கொள்வார். நிட் மட்டுமே மீதி என்றால் அப்ரூவ் கொடுத்துவிட்டு நிட்டை எழுதுங்கள். அதற்காக இன்னொரு சுற்று காத்திருக்க வைக்காதீர்கள்.

ஒரே குறை பத்து இடத்தில் இருந்தால் ஒரு முறை சொல்லி, ‘மற்ற இடங்களிலும் இப்படியே’ என்று முடியுங்கள். எழுதியவர் தொடாத பழைய வரிகளில் குறை சொல்லாதீர்கள். அது அவர் பொறுப்பல்ல.

கருத்தின் சொற்களும் முக்கியம். ‘இது அசிங்கமாக இருக்கிறது’, ‘யாராவது இப்படி எழுதுவார்களா’ என்பவற்றில் திருத்துவதற்கு எதுவுமே இல்லை. ‘நிட்: இந்த நிபந்தனையில் மூன்று மறுப்புகள் அடுக்கடுக்காக வருகின்றன. தனி வேரியபிளில் வைத்துப் பெயர் கொடுத்தால் படிக்க எளிது. உங்கள் விருப்பம்’ என்று எழுதினால் காரணமும் வழியும் விடுதலையும் சேர்ந்தே போகின்றன. கட்டாயமானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: ‘மெர்ஜுக்கு முன் இதை மாற்றியாக வேண்டும். வேரியபிளுக்கு மேற்கோள் இல்லாததால் ஸ்பேஸ் உள்ள பெயர் வந்தால் வேறு ஃபைல் அழியும்.’

கூகுள் பொதுவில் வைத்திருக்கும் ரிவியூ வழிகாட்டுதலில் இரண்டு விஷயங்கள் எந்தக் குழுவுக்கும் பொருந்தும். ஸ்டைல் விஷயத்தில் எழுதிவைத்த ஸ்டைல் கைட்தான் இறுதி. அதில் இல்லாதது தனிப்பட்ட விருப்பம். இன்னொன்று, மாற்றம் குறையே இல்லாததாக இருக்க வேண்டியதில்லை. மொத்தக் கோடின் தரத்தை நிச்சயமாக உயர்த்துகிறது என்றால் அனுமதித்துவிட வேண்டும். எந்த விதி என்று சுட்டிக்காட்ட முடியாத ஸ்டைல் கருத்தை அனுப்பும் முன் ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: உங்களுக்கு வரும்போது

நிட்டைச் செய்ய ஒரு நிமிடம், மறுத்து எழுத பத்து நிமிடம் என்றால் செய்துவிடுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் ‘இது நம் ஸ்டைல் கைடில் இருக்கிறதா? பார்த்தேன், கிடைக்கவில்லை’ என்று ஒரு முறை கேளுங்கள். காரணம் சொன்னால் கற்றுக்கொள்ளுங்கள். ‘எனக்கு இப்படித்தான் பிடிக்கும்’ என்பதுதான் பதில் என்றால், அந்த ஃபைலை வழக்கமாகப் பராமரிப்பவர் அவரா என்று பாருங்கள். அவர்தான் என்றால் விட்டுக்கொடுங்கள், நாளை அதைப் படித்துப் பராமரிக்கப்போவது அவர்.

இரண்டு ரிவியூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். இருவரையும் ஒரே இழையில் குறிப்பிட்டு, ‘இதில் ஒன்றை முடிவு செய்து ஸ்டைல் கைடில் எழுதிவிடலாமா?’ என்று கேளுங்கள்.

படி 5: பழைய கோடைத் தொடும்போது

பிழையைத் திருத்தப் போன இடத்தில் சுற்றியிருக்கும் கோடையும் ‘சுத்தம்’ செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத்தொகுப்பில்) இரண்டையும் செய்யாதீர்கள். பிழை திரும்ப வந்து கமிட்டை ரிவர்ட் செய்ய (திரும்பப் பெற) நேர்ந்தால் சுத்தமும் சேர்ந்து போகும். பழைய வெர்ஷனுக்கு அந்தத் திருத்தத்தைக் கொண்டுபோகும்போது கான்ஃபிளிக்ட் (மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுவது) வரும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேமில் அந்த வரிகளின் உண்மையான காரணம் மறைந்து உங்கள் பெயர் நிற்கும்.

பெரிய திட்டங்கள் இதை எழுதியே வைத்திருக்கின்றன. தோற்றத்தை மட்டும் மாற்றும் திருத்தங்களைப் பொதுவாக ஏற்பதில்லை என்கிறது ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ். லினக்ஸ் கர்னலிலும் பழைய கோடில் வெற்றிடம் திருத்தி அனுப்புவது வரவேற்கப்படுவதில்லை. ஸ்டேஜிங் என்ற டிரைவர் பகுதி மட்டும் விலக்கு, புதியவர்கள் அங்கே பழகலாம்.

விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்துத் தொங்கினால் கோடே உடையும் இடமும் உண்டு. பைத்தானின் டெஸ்ட் ஃபிரேம்வொர்க்கான யூனிட்டெஸ்டில், ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் ‘செட்அப்’ மெத்தடின் பெயரில் அண்டர்ஸ்கோர் கிடையாது. நடுவில் பெரிய எழுத்து வரும். பெப் 8 சொல்லும் முறை அது அல்ல. ‘விதிப்படி மாற்றுங்கள்’ என்று யாராவது கேட்டு அண்டர்ஸ்கோர் போட்டால், ஃபிரேம்வொர்க் அந்த மெத்தடைக் கூப்பிடாது. பிழைச் செய்தியும் அந்த இடத்தில் வராது. தயாரிப்பு வேலை ஓடாமலே டெஸ்டுகள் ஓடும். சில தோற்கும், சில தப்பான காரணத்துக்காகத் தேறும். லாகிங் மாட்யூலிலும் இந்த எழுத்து முறைதான் இன்றும். விதிக்கு இணங்குவதற்காகவே பழைய கோடின் இணக்கத்தை உடைக்காதே என்று பெப் 8 தெளிவாகச் சொல்கிறது. அந்த ஆவணத்தைக் காட்டி வற்புறுத்துபவர்கள் பலர் இந்தப் பகுதி வரை படித்திருப்பதில்லை.

படி 6: ஃபார்மேட்டரைக் கொண்டுவருதல்

ரிவியூவில் முப்பது நிட் வருகிறது என்றால் பழுது எழுதியவரிடம் இல்லை, கருவி இல்லாததில்தான். கொண்டுவரும்போது இப்படிச் செய்யுங்கள்.

இயல்பு அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வாக்கெடுப்பு வைத்தால் பழைய சண்டை கான்ஃபிக் ஃபைலுக்குக் குடிபெயரும், அவ்வளவுதான். கோஃபம்டில் ஸ்டைல் ஆப்ஷனே இல்லை, பிளாக்கில் மிகக் குறைவு. அவை பரவியதற்கு இது பெரிய காரணம். டேப்பா ஸ்பேஸா என்பதில் மட்டும் கொஞ்சம் காது கொடுங்கள். பார்வை குறைந்தவர்கள் டேப்பின் அகலத்தைத் தங்கள் திரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும். பிரெய்ல் திரையில் நான்கு ஸ்பேஸ் நான்கு கட்டத்தைத் தின்னும். குழுவில் ஒருவருக்கு அது தேவை என்றால் அதுவே முடிவாகட்டும்.

திறந்திருக்கும் பிராஞ்சுகளை (தனியே நடக்கும் வேலைக் கிளைகளை) முடிந்தவரை மெர்ஜ் செய்துவிட்டு, ஃபார்மேட்டரின் வெளியீடு மட்டுமே உள்ள ஒரு கமிட்டைப் போடுங்கள். கையால் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. ஓட்டிய கட்டளையும் வெர்ஷனும் கமிட் செய்தியில் இருக்கட்டும். டூல் உருவாக்கிய கோடையும், வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த லைப்ரரிகளையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பிறகு எல்லா டெஸ்டையும் ஓட்டுங்கள்.

அந்தக் கமிட்டின் 40 எழுத்து ஹாஷை (அடையாளக் குறியை) ஒரு ஃபைலில் எழுதி, கிட் பிளேம் அதைத் தாண்டிப் போகும்படி அமைக்கலாம். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. இங்கே பலர் தவறும் இடம்: கமிட்டுகளை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் அல்லது மறுபடி அடுக்கும் ரீபேஸ் முறையில் மெர்ஜ் செய்தால் ஹாஷ் மாறிவிடும். ஆகவே முதலில் மெர்ஜ் ஆகட்டும்; மெயின் பிராஞ்சில் வந்த ஹாஷைப் பார்த்து இரண்டாவது புல் ரிக்வெஸ்டில் சேருங்கள்.

மெர்ஜ் ஆகாமல் மீந்த பிராஞ்சுக்கு: ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை முதலில் அந்தப் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்யுங்கள். அங்கே அதே வெர்ஷன் ஃபார்மேட்டரை ஓட்டி கமிட் செய்யுங்கள். ஃபார்மேட் கமிட்டை ‘அவர்ஸ்’ உத்தியில் மெர்ஜ் செய்யுங்கள், அதாவது இருப்பது அப்படியே நிற்கும், வரலாறு மட்டும் இணையும். அதற்குப் பிறகு மெயினை வழக்கம்போல மெர்ஜ் செய்யலாம். கான்ஃபிளிக்ட் அநேகமாக வராது.

கடைசியாக, வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் சோதனை முறையில் ஓடவிடுங்கள். ஃபார்மேட் ஆகாத கோட் வந்தால் தோற்கட்டும். எண்களை நிரல் நிரலாக அடுக்கிய மேட்ரிக்ஸ் போன்ற இடங்களில் ஃபார்மேட்டர் வாசிப்பைக் கெடுக்கும். பிளாக், கிளாங்-ஃபார்மேட், பிரிட்டியர் மூன்றிலும் அந்தத் துண்டை மட்டும் விடச் சொல்லும் கமென்ட் உண்டு. யாராவது அதைப் பயன்படுத்தினால் குற்றம் காணாதீர்கள்.

லிண்டர் (கோடில் பிழை இருக்கக்கூடிய இடங்களைத் தேடும் கருவி) வேறு வேலை. பிழையைப் பிடிக்கும் சில விதிகளோடு தொடங்குங்கள். 2023-இல் ஜாவாஸ்கிரிப்ட் லிண்டரான ஈஎஸ்லிண்ட், பராமரிக்கும் சுமை கூடியதால், தன் ஃபார்மேட்டிங் விதிகளைக் கைவிடும் பட்டியலில் சேர்த்தது; வடிவத்துக்கு ஃபார்மேட்டரைப் பயன்படுத்தச் சொன்னது. எந்த விதியையும் ‘எச்சரிக்கை’ நிலையில் வைக்காதீர்கள்: ஒன்று பில்ட் தோற்க வேண்டும், இல்லை விதியே வேண்டாம். எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு யாரும் பார்ப்பதில்லை. அதற்குள்தான் உண்மையான பிழையும் கிடக்கும்.

படி 7: மீதியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

பெயர் வைப்பது, பிழைகளைக் கையாள்வது, எப்போது கமென்ட் வேண்டும் போன்றவை கருவிக்கு எட்டாதவை. ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணத்தை யாராலும் சொல்ல முடியாத விதியை நீக்குங்கள். ஒரே நிட்டை மூன்றாவது முறை எழுதுகிறீர்கள் என்றால் அதை லிண்டர் விதியாக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் இந்தப் பக்கத்தில் சேர்க்கப் பரிந்துரையுங்கள்.

புதிய விதி தனி புல் ரிக்வெஸ்டாகவே வரட்டும். ஒருவருடைய ரிவியூவின் நடுவே விதி பிறக்கக் கூடாது. அப்படி ஒரு யோசனை அங்கே தோன்றினால், அந்தக் கோடைப் பழைய விதிப்படி மெர்ஜ் செய்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.